தகட்டுச் சுவரில் விழுந்த துளைகள்

மோட்டார் காரொன்றின் பொனற்றைத் திறந்து எஞ்சினுக்குப் பின்புறம் நோக்கினால், குறுக்கே ஒரு தகட்டுச் சுவர் தெரியும். எஞ்சினின் வெப்பமும் புகையும் எண்ணெய் நாற்றமும் ஆசனத்தில் இருப்பவரை எட்டாதபடி தடுப்பதும், தீப்பற்றினால் அவர் இறங்கி ஓடச் சில கணங்களையேனும் பெற்றுத் தருவதும் அதன் பணி. பிரித்தானியர் கப்பற் கட்டுமானத்திலிருந்து எடுத்த சொல்லால் அதனை 'பல்க்ஹெட்' என்பர். அமெரிக்கர் 'ஃபயர்வோல்' என்பர். நான் இங்கு தடுப்புச் சுவர் என்றே எழுதுகிறேன்.

செய்தி சேகரிக்கச் சென்ற ஊரில் வாகனம் பழுதாகிக் கராஜ் வாசலில் காத்திருப்பது பத்திரிகையாளனுக்குப் புதிய அனுபவமன்று. மட்டக்களப்பு வாவிக் கரையோரத்தில் அத்தகைய காத்திருப்புகள் எனக்குப் பல வாய்த்தன. அங்கு நின்ற பழைய பிரித்தானியக் கார்கள் சிலவற்றின் தடுப்புச் சுவரில், தொழிற்சாலை ஒருபோதும் வைத்திராத சாளரம் ஒன்று வெட்டப்பட்டிருக்கும். உள்ளங்கை அளவு; சிலவேளை ஒரு பாடப்புத்தக அளவு. விளிம்பு மடிக்கப்பட்டிருக்கும். மேலே ஒரு தகட்டு மூடி, மூடிக்கும் சுவருக்கும் இடையே பழைய டியூப்பில் அரிந்தெடுத்த றப்பர், நான்கு மூலையிலும் ஸ்குறூ. வெட்டியவர் பெயரும் இல்லை, திகதியும் இல்லை. ஆயினும் இலங்கையின் அரை நூற்றாண்டுப் பொருளாதார வரலாற்றின் ஒரு பக்கம் அத்தகட்டில் எழுதப்பட்டுள்ளது என்பதே என் துணிபு.

துளை என்றதும், நம்மவரின் அரைகுறைக் கைவேலை என்று முகஞ்சுழிப்போர் உளர். அவர்கள் பொருட்டு முதலில் இங்கிலாந்துக்கு ஒருமுறை சென்று வருவோம்.

ஹில்மன், ஹம்பர், சிங்கர், சன்பீம் ஆகிய பெயர்களில் கார்களை விற்ற ரூட்ஸ் குழுமத்தை வாசகர்களில் மூத்தோர் மறந்திருக்கமாட்டார்கள். இலங்கைத் தெருக்களில் ஓடிய ஹில்மன் மிங்ஸ் அதன் பிள்ளையே. அந்நிறுவனம் 1959இல் சன்பீம் அல்பைன் என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரை வெளியிட்டது. அழகில் குறையில்லை, வலுவிற்தான் குறை. அமெரிக்க மேற்குக் கரையில் நிறுவனத்தின் முகாமையாளராக இருந்த இயன் கராட், அதற்குள் அமெரிக்க வி-8 எஞ்சின் ஒன்றைப் புகுத்த விரும்பினார். எந்த எஞ்சின் உள்ளே அடங்கும்? இதனை அறிய அவரது சேவைப் பிரிவு முகாமையாளர் வோல்டர் மெக்கென்ஸி ஒரு மர அளவுகோலுடன் கார் விற்பனை நிலையங்கள் தோறும் சென்று எஞ்சின்களை அளந்தாராம். ஃபோர்ட் நிறுவனத்தின் 4.2 லீற்றர் எஞ்சின் அடங்கும் போலத் தோன்றியது. பந்தய உலகில் புகழ்பெற்ற கரோல் ஷெல்பி 1963இல் முன்மாதிரிக் காரைச் செய்து கொடுத்தார். 1964 ஏப்ரலில் நியூயோர்க் கண்காட்சியில் 'சன்பீம் டைகர்' என்ற பெயருடன் அது உலகின் முன் நின்றது.

உற்பத்தி நடந்தது வெஸ்ட் புறொம்விச்சில் இருந்த ஜென்சன் தொழிற்சாலையில். வர்ணம் பூசி மெருகேற்றிய உடற்கூடுகள் வேறிடத்திலிருந்து அங்கு வந்து சேரும். எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இறக்க இடம் போதாது. ஆகவே தொழிலாளர் சம்மட்டி எடுத்து, புத்தம் புதிய வர்ணத்தின் மீதே தடுப்புச் சுவரை அடித்து ஒடுக்கினர். கதையல்ல, அக்காரின் வரலாற்றில் பதிவான செய்தி. அப்படியும் ஒரு பிளக்கை எஞ்சின் பக்கமிருந்து எட்ட முடியவில்லை. முடிவில் தடுப்புச் சுவரில் ஒரு துளை இட்டு, அதற்கு றப்பர் அடைப்பு வைத்தனர். அந்தப் பிளக்கைக் கழற்ற வேண்டுமாயின் காருக்குள்ளிருந்து அடைப்பைப் பிடுங்கி, துளை வழியே சாவியை நுழைக்க வேண்டும். எண்ணெய் வடிகட்டியும் தன் இடத்திலிருந்து பெயர்க்கப்பட்டு வேறு மூலைக்குப் போயிற்று. 1967 வரை ஏறத்தாழ 7,000 டைகர்கள் இவ்வண்ணமே வெளியேறின. இன்று அவற்றைப் பெருவிலை கொடுத்து வாங்குவோர் அத்துளையைக் குறையாகச் சொல்வதில்லை, பெருமையாகச் சொல்கின்றனர்.

அக்கார் மடிந்த விதமும் இச்சுவருடன் தொடர்புடையதே. ரூட்ஸ் குழுமம் கிறைஸ்லர் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. போட்டியாளரான ஃபோர்டின் எஞ்சினைத் தன் காரில் விற்க எவர் விரும்புவர்? தன்னுடைய வி-8 எஞ்சினைப் பொருத்த முனைந்தது கிறைஸ்லர். ஃபோர்ட் எஞ்சினுக்கு டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறம்; கிறைஸ்லர் எஞ்சினுக்கோ பின்புறம், அதாவது சரியாகத் தடுப்புச் சுவர் இருக்கும் இடத்தில். அடங்கவில்லை. கார் கைவிடப்பட்டது.

டைகர் மட்டுமன்று. எம்.ஜி.ஏ. டுவின்காம் என்ற காரில் எஞ்சின் அறை அத்துணை நெருக்கம். பின்னர் வெளிவந்தவற்றில் முன்சில்லின் உட்புறத் தகட்டில் கழற்றக்கூடிய மூடிகள் வைக்கப்பட்டன. எஞ்சினை ஆசனத்துக்குப் பின்னால் வைத்த டி தொமாசோ பந்தேராவில், ஆசன முதுகுக்குப் பின்னுள்ள சுவரில் ஒரு மூடியைக் கழற்றினாற்றான் எஞ்சினின் முன்பக்கத்துப் பட்டிகளைத் தொட முடியும். பெரிய பெயர்கள், பெரிய விலைகள். தகட்டுச் சுவரில் துளை. ஆதலால் முகஞ்சுழிப்பு வேண்டாம்.

இதற்கு எதிர்மாறாகத் திருத்துபவனை முன்கூட்டியே நினைத்த வடிவமைப்பும் உண்டு. 1948இல் வெளிவந்த மொரிஸ் மைனர் அது. அலெக் இஸிகோனிஸ் முதலில் அகலமான கிடைநிலை எஞ்சின் ஒன்றைக் கருதியே அதன் முன்னறையை வகுத்தார். அந்த எஞ்சின் வரவில்லை. ஒடுங்கிய வழமையான எஞ்சினே வந்தது. இரு பக்கமும் கை நுழையத் தாராள இடம் எஞ்சியது. கியர்பொக்ஸின் மேல் மூடியைக் காருக்குள்ளிருந்தே கழற்றலாம். பிறேக் எண்ணெய்க் கலம் சாரதியின் காலடித் தகட்டுக்குக் கீழே. விரிப்பை நீக்கினால் அதற்கும் ஒரு வாய். 16 இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான இக்கார் இலங்கையில் இன்றும் ஓடிக்கொண்டிருப்பதற்கு அதன் அழகு காரணமன்று. கை எட்டும் என்பதே காரணம்.

இனி நமது கரைக்குத் திரும்புவோம்.

1960களின் தொடக்கத்தில் இலங்கையின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு சரிந்தது. கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1970 முதல் 1977 வரையான ஆட்சியில் கதவு ஏறத்தாழ முற்றாகவே மூடிற்று. பருப்புக்கும் துணிக்கும் வரிசை நின்ற காலத்தில் கார் உதிரிப்பாகம் பற்றிப் பேசுவது ஆடம்பரமாக ஒலிக்கக்கூடும். ஆனால் மட்டக்களப்பு வைத்தியசாலைக்குப் பிள்ளைத்தாச்சியை ஏற்றிச் சென்ற வாடகைக் கார் ஆடம்பரமன்று. இங்கிலாந்தில் பத்துப் பன்னிரண்டு வருடத்தில் இரும்புக் கடைக்குப் போகவேண்டிய ஒஸ்டினும் ஹில்மனும் மொரிஸும் இங்கு மூன்று, நான்கு தசாப்தங்கள் உழைக்க நேர்ந்தது அதனாற்றான்.

1977இல் பொருளாதாரம் திறந்து விடப்பட்டதும் ஜப்பானியப் பழைய வாகனங்களும், அவற்றோடு தனி எஞ்சின்களும் வந்திறங்கின. தேய்ந்துபோன பிரித்தானிய எஞ்சினைத் தூக்கிவிட்டு ஜப்பானிய எஞ்சினை வைப்பது நாடெங்கும் வழக்காயிற்று. பெற்றோல் விலைக்கு அஞ்சி டீசல் எஞ்சினை வைத்தவர்களும் உளர். டைகரில் நடந்த அதே நாடகம் இங்கும் அரங்கேறியது. இங்கு ஷெல்பி இல்லை, அவ்வளவே.

நுட்பம் இதுதான். புதிய எஞ்சின் நீளத்திலும் உயரத்திலும் பழையதோடு ஒவ்வாது. முன்னால் றேடியேற்றரும் விசிறியும் இடம் கேட்கும். ஆகவே எஞ்சினைப் பின்னுக்குத் தள்ளுவர். தள்ளினால், எஞ்சினையும் கியர்பொக்ஸையும் இணைக்கும் மணிவடிவக் கூட்டின் மேற்புற போல்ட்டுகள் தடுப்புச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். சாவி நுழையாது, நுழைந்தாலும் திரும்பாது. கிளட்ச் தகடு தேயும் ஒவ்வொரு முறையும் எஞ்சினை முற்றாகத் தூக்கினால் வாடகைக் கார்க்காரனுக்கு நாட்கணக்கில் வருமானமில்லை. சுவரில் அந்த போல்ட்டுக்கு நேரே ஒரு வாய் வெட்டினால், நீண்ட சாவி ஒன்றை உள்ளிருந்து செலுத்தி வேலையை முடிக்கலாம்.

வெட்டுவது எளிது; ஒழுங்காக வெட்டுவது எளிதன்று. இக்கார்களிற் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டகம் கிடையாது. உடற்கூடே சட்டகம், தடுப்புச் சுவர் அதன் முதுகெலும்பின் ஒரு பகுதி. சுவரின் மடிப்புகளிலும் கதவுத் தூண்களுக்கு அருகிலும் வெட்டினால், குண்டும் குழியுமான தெருவில் கார் மெல்ல மெல்ல முறுக்கேறும், கதவு பூட்டாது. கூர்மூலையுடன் சதுரமாக வெட்டினால் மூலையிலிருந்து வெடிப்பு ஓடும். தொழில் தெரிந்தவர் முதலில் நான்கு மூலையிலும் வட்டத் துளை இட்டுக்கொண்டு பிறகே அவற்றை இணைத்து வெட்டுவார். விளிம்பை வெளிப்புறம் மடித்துவிடுவார். இழந்த வலுவில் ஒரு பங்கு அம்மடிப்பால் மீளும், மின்கம்பியும் அறுபடாது. மூடி எல்லாப் பக்கமும் ஒரு விரலளவு அகன்றிருக்க வேண்டும். இல்லையெனில் எஞ்சின் புகை உள்ளே கசியும். அதிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. மூடிக்கடியில் அக்காலத்தில் சிலர் கல்நார் வைத்தனர். அதன் தீங்கு இன்று யாவரும் அறிந்தது. டியூப் றப்பர் நெருப்புக்கு நில்லாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் கராஜில் கிடைத்தது அதுவே.

வாவிக் கரைக்கு இன்னொரு பகையும் உண்டு: உப்பு. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் உவர்நீர். வாடையிலும் கச்சானிலும் காரின் மீது படிவது ஈரம் மட்டுமன்று. படுவான்கரைக்குச் செல்லும் வாகனம் 'பாதை'யில் ஏறியே துறை கடக்க வேண்டியிருந்தது. பிற பகுதி வாசகர்களுக்காக: பாதை என்பது இங்கு மனிதரையும் வாகனத்தையும் ஏற்றிச் செல்லும் தட்டையான மிதவை. மண்முனைத் துறையில் 2014இல் பாலம் திறக்கப்படும் வரை அங்கு அதுவே வழி. மொரிஸ் மைனரில் மின்கலம் வீற்றிருப்பது தடுப்புச் சுவரின் தட்டிலேயே. மின்கலத்து அமிலம் மேலிருந்தும் உப்புக் காற்று கீழிருந்தும் தின்றால் அச்சுவர் எத்தனை காலம் நிற்கும்? வெட்டிய விளிம்பில் துருத்தடுப்புப் பூச்சு இடாதவனுடைய சாளரம் இரண்டு மாரிக்குள் தானாகவே பெரிதாகிவிடும். சில கார்களில் துருவே முதலில் துளையிட்டது. ஒட்டுப்போட வந்தவர், போடும் ஒட்டைக் கழற்றும் மூடியாகவே போட்டுவிட்டுப் போனார். இதிலும் ஒரு புத்தி இருக்கிறது.

யார் இவர்கள்? தமிழர், முஸ்லிம்கள், பறங்கியர் என மூவகையினரும் இத்தொழிலில் இருந்தனர். எனினும் மட்டக்களப்பில் இரும்பையும் மரத்தையும் இயந்திரத்தையும் பற்றிப் பேசுவோர் பறங்கியரைத் தவிர்க்கவியலாது. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். அவ்விரு வருகைகளின் எச்சமாக வந்த இச்சமூகத்தினர் வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசினர். வெளியே தமிழ் பேசினர். தச்சு, கொல்லு, துப்பாக்கி திருத்தல், பின்னர் மோட்டார் திருத்தல் என்பன அவர்களின் தொழில்கள். ஊரார் அவர்களை விளித்த 'பாஸ்' என்ற சொல்லே ஒல்லாந்தர் விட்டுச் சென்றதுதான்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்றே 1982இல் இச்சமூகம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். அதன் தலைப்பைத் தமிழிற் சொன்னால் 'டச்சுப் பறங்கியரும் போர்த்துக்கேய மெக்கானிக்குகளும்' என்றாகும். மெக்கானிக் என்பது அங்கு தொழிற்பெயரன்று. சாதிப்பெயர் போன்ற ஒன்று. கொழும்பில் எழுதுவினைஞராகவும் வழக்கறிஞராகவும் உயர்ந்த டச்சுப் பறங்கியர், 1908இல் தமக்கெனச் சங்கம் அமைத்து வம்சாவளி காட்டி உறுப்புரிமை கொடுத்தவர்கள், கைத்தொழில் செய்த போர்த்துக்கேய வழியினரைத் தாழ்த்திச் சுட்டிய சொல் அது. எண்ணெய்க் கறை படிந்த கை என்பதே குற்றச்சாட்டு.

மொழியியலாளர் இயன் ஸ்மித் 1970களில் மட்டக்களப்புக் கிரியோலை ஆராய்ந்தார். அவர்களின் பாடல்களும் கஃப்றிஞ்ஞா ஆட்டமும் ஆய்வாளரின் ஒலிப்பதிவுக் கருவியை எட்டின. நல்லதே. கைவேலையை எவர் பதிந்தார்? 1978 நவம்பர் 23ஆம் திகதிச் சூறாவளி பட்டறைக் கூரைகளைத் தூக்கிச் சென்றது. போர் பலரை அவுஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை டச்பார் பறங்கியர் குடியிருப்பில் பல உயிர்களைக் கொண்டுபோயிற்று. தொழிலைச் சொல்லிக் கொடுத்தவரும் போயினர், சொல்லக் கேட்டவரும் போயினர். எஞ்சி நிற்பது தகட்டில் உள்ள வெட்டு மட்டுமே.

போர்க்காலம் பற்றி ஒரு சொல். 1990இல் போர் மீண்டபின் யாழ்ப்பாணத்துக்கு எரிபொருள் தடைப்பட்டது. அங்கு ஒஸ்டினும் மொரிஸும் சில துளி பெற்றோலில் உயிர்பெற்று மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் முற்றாக எரியாது. பிளக்கில் கரி படியும். அடிக்கடி கழற்றித் துடைக்க வேண்டும். கை எட்டாத பிளக் உள்ள காருக்கு அக்காலத்தில் மதிப்பில்லை. மட்டக்களப்பில் நிலைமை வேறு. எழுவான்கரையின் நகரம் படையினர் வசம். வாவிக்கு அப்பால் படுவான்கரையின் பெரும்பகுதி புலிகள் வசம். எரிபொருளும் மின்கலமும் உதிரிப்பாகமும் சோதனைச் சாவடியில் எண்ணப்பட்டன. புதியதை வாங்க முடியாதவன் உள்ளதைத் திருத்தினான்.

இப்போது இதனை எழுதக் காரணம் உண்டு. 2009இன் பின்னர் வடக்கிலும் கிழக்கிலும் எஞ்சியிருந்த பழைய கார்களைத் தேடித் தெற்கிலிருந்து ஆட்கள் வந்தனர். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மீண்டும் நிறுத்தப்பட்டு 2025 தொடக்கத்தில்தான் தனியார் கார்களுக்குக் கதவு திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய காருக்கு மவுசு ஏறிற்று. வாங்கியவர் முதலிற் செய்வது காரை 'தொழிற்சாலையில் வந்தபடி' ஆக்குவது. ஜப்பானிய எஞ்சின் வெளியே போகும். தடுப்புச் சுவரின் சாளரம் பற்றவைத்து மூடப்படும். அரைத்து, பூசி, வர்ணமிட்டபின் அங்கு எதுவும் நடக்கவில்லை என்றாகிவிடும். இத்திருத்தத்துக்கான கைத்திறனும் நம்மிடமே உண்டு. காலியில் கையால் அடித்த மொரிஸ் மைனர் தகடுகள் இங்கிலாந்தின் சார்ள்ஸ் வேயர் வழியாக அந்நாட்டுக் கார்களுக்கே ஏற்றுமதியானமையை வாசகர் சிலர் அறிந்திருக்கலாம்.

உரிமையாளரின் உரிமையை நான் மறுக்கவில்லை. தடுப்புச் சுவரில் ஓட்டை வைத்துக்கொண்டு குழந்தைகளை ஏற்றிச் செல்லுமாறும் சொல்லவில்லை. ஆனால் 'அசல்' என்ற சொல்லின் மீது எனக்கு வழக்குண்டு. பழைய வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 2012இல் ஏற்றுக்கொண்ட டியூரின் சாசனம், வாகனம் உழைத்த காலத்தில் அதில் ஏற்பட்ட மாற்றங்களும் அதன் வரலாற்றுக்குச் சாட்சி என்ற நிலைப்பாட்டை எடுத்துள்ளது. தொழிற்சாலையில் அக்கார் கழித்தது சில நாட்கள். மட்டக்களப்பில் கழித்தது நாற்பது ஆண்டுகள். டைகரில் ஜென்சன் தொழிலாளி அடித்த சம்மட்டி அசல் எனில், வாவிக்கரை பாஸ் வெட்டிய சாளரம் எப்படிப் போலியாகும்?

மூடித்தான் ஆகவேண்டுமெனில், மூடுமுன் ஒரு படம் எடுங்கள். கார் எந்த ஊரில் ஓடியது, எந்த எஞ்சின் இருந்தது, விற்றவருக்கு நினைவிருந்தால் வெட்டிய பாஸின் பெயர் என்ன என்பவற்றை எழுதி, கழற்றிய மூடியோடு சேர்த்து வையுங்கள். ஒரு பழைய சப்பாத்துப் பெட்டி போதும்.

கொழும்பில் ஒருவர் அவ்வாறு வைத்திருந்த மூடியொன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் பார்க்கக் கிடைத்தது. ஹில்மன் மிங்ஸ் காரிலிருந்து வந்தது. வேறொரு வாகனத்தின் இலக்கத் தகட்டை வெட்டிச் செய்திருந்தனர். எஞ்சின் பக்கமாக இருந்த முகத்தில் எண்ணெயும் கரியும். அதனைத் துடைத்தபோது இரண்டு இலக்கங்களும், 1957இல் தொடங்கி எத்தனையோ தமிழ் இளைஞர் தார் பூசி அழித்த அந்தச் சிங்கள ஸ்ரீயின் பாதியும் தெரிந்தன.